‘இல்லை’ சொல்லாத கடை

என் கணவரின் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. முருங்கைக்காய் முடிந்து மூன்று நாளாகியிருக்கும். யாராவது கடைக்குள் வந்து, “அண்ணை, முருங்கைக்காய் இருக்கோ?” என்று கேட்பார்கள். இவர் தலையை நிமிர்த்தி, “வரும்” என்பார். அவ்வளவுதான். கடைக்காரன் வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால், அந்தச் சொல்லோடு சேர்ந்து லட்சுமியும் வாசலைத் தாண்டிப் போய்விடுவாள் என்பது அவருடைய நம்பிக்கை. அவருடைய தகப்பனும் கடை வைத்திருந்தவர், அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி இது.

வீட்டிலும் இதே கூத்துத்தான். பால் இருக்கிறதா என்று கேட்டால் “வாங்கோணும்” என்பார். கோபமா என்று கேட்டால் “பாப்பம்” என்பார். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட ‘ஒண்டும்’ என்று தொடங்கி மீதியை விழுங்கிவிடுவார். எங்கள் மகள் சின்ன வயதிலேயே இதைக் கண்டுபிடித்து, அப்பாவை இல்லை சொல்ல வைக்கிறேன் பார் என்று என்னோடு பந்தயம் பிடித்துத் தோற்றிருக்கிறாள்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்திருந்த ஓர் இளம் தம்பதி கடைக்கு வந்தார்கள். “சார், கறிவேப்பிலை இருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள். “வரும்” என்றார் இவர். பின்னறையிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேரும் பத்து நிமிடம் கைகட்டி நின்றார்கள். கடைசியில் அந்தப் பையன் தயங்கித் தயங்கி, “எப்ப சார் வரும்?” என்றான். “வியாழக்கிழமை” என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை. நான் பிறீசருக்குப் பின்னால் போய் நின்று வயிறு நோகச் சிரித்தேன். அப்போது சிரிக்கக்கூடியதாக இருந்தது.

இவருடைய வியாபாரம் ஒஸ்லோவில் தொடங்கியதல்ல. நோர்வேயின் வடக்கு முனையில், கடலும் பனியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு சிறிய ஊரில், மீன் தொழிற்சாலையில் பத்து வருடத்துக்கு மேல் மீன் வெட்டியவர். நான் கலியாணம் முடித்துக்கொண்டு போய் இறங்கியது அங்கேதான். முதல் நாள் கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். மிளகாய்த்தூள், பருப்பு, சிவப்பரிசி மா, நெத்தலிக் கருவாடு. புது மாப்பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே கருவாடு. “இதென்னப்பா?” என்றேன். “கடை” என்றார். அந்த ஊரில் இருந்த இருபது தமிழ்ப் பெடியன்களுக்கும் அதுதான் கடை. சூரியன் எழும்பாத இரண்டு மாதமும் எங்கள் அறை வாசலில் யாருடையதாவது பனிச் சப்பாத்து கிடக்கும்.

அந்த மீன் வேலை அவருடைய விரல் நுனிகளின் உணர்வைத் தின்றுவிட்டது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் தூக்குவார். பார்க்கிறவர்கள் வித்தை என்று நினைப்பார்கள். நான்தான் ஓடிப்போய் அந்த விரல்களைத் தண்ணீருக்குள் பிடிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து, புருசெத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை திறந்தோம். ஒரு பக்கம் பூக்கடை, மறுபக்கம் தலைமயிர் வெட்டும் கடை. அந்தப் பக்கத்தில் முதல் தமிழ்க்கடை எங்களுடையதுதான். அதுவரை பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கும் பயித்தங்காய்க்கும் சனங்கள் ரயில் பிடித்து நகரத்துக்குப் போய் வந்தார்கள். வியாழக்கிழமைகளில் விமான நிலையத்துக்கு மரக்கறி வரும். இவர் சாமான் ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு போய், ஈரச் சாக்கு மணக்க மணக்கத் திரும்பி வருவார். சனிக்கிழமைகளில் கடைக்குள் நிற்க இடமிராது. ஊருக்குக் கதைக்கத் தொலைபேசி அட்டை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், புதுப்படக் கொப்பி கேட்கிறவர்கள் மறு பக்கம். ஹொல்ம்லியாவிலிருந்தும் திராமனிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் இவரை ‘முதலாளி’ என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இவருடைய காது மடல் சிவக்கும். கடைக்கு மாத்திரம் ஸ்திரி போட்ட சேர்ட் போடுவார். “கோயிலுக்கு இப்பிடி வெளிக்கிடுறேல்லை, கத்தரிக்காய் விக்க வெளிக்கிடுறியள்” என்று நான் வாய் காட்டுவேன்.

நாலைந்து வருடம் ஓடியது. பிறகு, வாகனம் நிறுத்தப் பெரிய இடத்தோடு இரண்டு கடைகள் வந்தன. எங்களிடம் இருக்கிற எல்லாமும் அங்கே இருந்தது, எங்களிடம் இல்லாத இறைச்சியும் இருந்தது. சனங்கள் கணினியில் ஊரோடு கதைக்கத் தொடங்கினார்கள், தொலைபேசி அட்டைகள் தூசி பிடித்தன. படக்கொப்பியும் அப்படியே. அங்கே கிடைக்காத ஒடியல் மாவுக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் எங்களிடம் வந்தார்கள். வருகிறபோது கையில் அந்தக் கடைகளின் பைகளைக் கொண்டே வருவார்கள். நான் அந்தப் பைகளை முறைத்துப் பார்ப்பேன். இவர் அவற்றை வாங்கி, பாரமாக இருக்கும் என்று மேசையில் வைத்துக் கொடுப்பார். வாடிய கத்தரிக்காயை ஒவ்வொரு திங்களும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். கத்தரிக்காய்க் குழம்பு என்றாலே மகள் மேசையை விட்டு எழும்பி ஓடுகிற காலம் ஒன்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் கட்டடக்காரர்களிடமிருந்து அறிவித்தல் வந்தது. கட்டடத்தை இடித்துத் திருத்தப் போகிறார்கள். கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். புதுப் பகுதியில் தொடர்ந்து இருக்க விரும்புகிறவர்கள் கிறிஸ்மஸுக்கு முன்னம் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், பழைய ஆட்களுக்கு முதலிடம்.

எனக்கு இடி விழுந்தது போல இருந்தது. இவருக்கோ உயிர் வந்தது. புதுப் பகுதி ரயிலடியைப் பார்த்தபடி வருகிறது. வேலை முடிந்து இறங்குகிற ஒவ்வொரு தமிழனும் எங்கள் கண்ணாடிக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். மரக்கறிப் பெட்டி அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பிறீசர் இங்கே, அரிசி மூட்டை அங்கே, எனக்கு இருக்க ஒரு கதிரை இங்கே என்று படம் கீறினார். அந்த இடம் கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால், ஐம்பதைத் தொடுகிற வயதில், செத்த விரல்களோடு, இந்த மனிதரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மீனைத் தவிரவும் கடையைத் தவிரவும் வேறொன்றும் தெரியாத மனிதர். நான் அந்தக் கிழமைகளில் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்து அழகான எழுத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். இவர் கையெழுத்தும் வைத்துவிட்டார். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

“மார்கழியிலை புது அலுவல் தொடங்கக்கூடாது. தை பிறக்கட்டும், குடுப்பம்” என்றார்.

“நோர்வேக்காரனுக்கு ஏதப்பா மார்கழி? கிறிஸ்மஸுக்கு முன்னம் எண்டெல்லோ போட்டிருக்கிறான்!”

“எங்களுக்கு மார்கழி இருக்கெல்லே. அவங்கள் எங்களைத் தெரிஞ்ச ஆக்கள்தானே. ரெண்டு மூண்டு கிழமை பொறுப்பாங்கள்.”

நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. கடை பிழைக்கிற விஷயம், நாள் பார்க்காமல் எப்படிச் செய்வது என்பது அவருடைய நியாயம். படிவத்தை மடித்து, கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கிய பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிள்ளையாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், கட்டடக்காரருக்கு மட்டும் தெரியாது.

கிறிஸ்மஸுக்கு முந்திய வியாழக்கிழமை. இவர் மரக்கறி எடுக்க விமான நிலையத்துக்குப் போய்விட்டார். நான் தனியே கடையில் நிற்கிறேன். ஒரு பெண்மணி குழந்தையை வண்டிலில் வைத்துக்கொண்டு அரிசி நிறுக்கச் சொல்லி நிற்கிறாள், குழந்தை வீரிட்டு அழுகிறது. தொலைபேசி அடித்தது. கட்டட அலுவலகத்துப் பெண். நோர்வேஜிய மொழியில் அவள் நிதானமாகத்தான் கதைத்தாள். எனக்குத்தான் அப்போது அந்த மொழி அரைகுறை. படிவம் வரவில்லை என்றது விளங்கியது. பிறகு, “அப்ப நீங்கள் எங்களோடை தொடர்ந்து இருக்கப் போறதில்லையா?” என்ற கருத்தில் கேட்டாள்.

‘நை’ என்றால் அவர்களுடைய மொழியில் ‘இல்லை’ என்று அர்த்தம். “நை, நை!” என்றேன் அவசரமாக.

தமிழில் யாராவது நம்மைப் பார்த்து, நீங்கள் வரப்போறதில்லையோ என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “சீச்சீ, இல்லையில்லை!” என்போம். அப்படி நினைக்காதே, வருவோம் என்பதுதான் அதன் அர்த்தம். நான் அதைத்தான் சொன்னேன். இன்னும் சொல்ல வேண்டும் என்று தேடி, “என்ரை மனுசன் வருவார், வருவார்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் சற்று மௌனமாக இருந்தாள். பிறகு, சரி, நல்லது, என்று சொல்லி, “லிக்கே தில்” என்றாள். எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர் வாழ்த்துகிற சொல் அது.

நான் சந்தோஷத்தில் அந்தப் பெண்மணிக்கு அரிசி ஒரு கை கூடவே போட்டேன். இவர் வானை நிறுத்தி உள்ளே வரமுன்பே வாசலுக்கு ஓடினேன். “இஞ்சேருங்கோ, கந்தோராலை எடுத்தவள். படிவம் எங்கை எண்டு கேட்டவள். நீங்கள் கொண்டு வருவியள் எண்டு சொல்லிப்போட்டன். நல்லபடி நடக்கட்டும் எண்டு வாழ்த்தினவள்!” இவர் பெட்டியைக் கீழே வைத்து, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார். கடையில் இருந்த லட்டுப் பெட்டி ஒன்றை உடைத்து அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். படிவம் தை பிறக்கட்டும் என்று பிள்ளையாருக்குப் பின்னாலேயே இருந்தது.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார் என்று நினைக்கிறேன். மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார்.

“என்னவாமப்பா?”

“பாப்பம்” என்றார்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் ஸ்திரி போட்ட சேர்ட்டோடு, படிவத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அடுத்த கிழமையும் போனார். மூன்றாம் முறை திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். “ஆரோ பெரிய ஆக்களுக்குக் குடுத்திட்டாங்களாம்” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடைக்கு வந்தவர்கள், கோயிலில் கண்டவர்கள், பூக்கடைக்காரி வரைக்கும் சொல்லித் திட்டினேன். தேன் ஒழுக வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கழுத்தை அறுத்தவள் என்று அந்த அலுவலகப் பெண்ணைச் சபித்தேன். கறுப்புத் தோல் என்றுதான் எங்களைத் தள்ளினார்கள் என்றேன். கேட்டவர்கள் எல்லோரும் ஓம், ஓம் என்றார்கள். இவர் மட்டும், “விடுமப்பா. அந்தப் பிள்ளை என்ன செய்யும்” என்பார். “உங்களைப் போலை ஆளுக்குத்தான் எல்லாரும் தலையிலை மிளகாய் அரைப்பாங்கள்” என்று அவர் மேலும் பாய்வேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கடைசி மூன்று மாதம் நரகம். புதிதாகச் சாமான் எடுக்க முடியாது. தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. சூட்டை நிறுத்திவிட்டு குளிர்ச்சட்டையோடு இருந்தார். மூடுகிறோம் என்று கண்ணாடியில் மகள் எழுதி ஒட்டிய பிறகும், யாராவது வந்து புட்டுமா இருக்கோ என்று கேட்டால், “வரும்” என்றார். ஒருநாள் ஒருவர் பொறுமை இழந்து, “எங்கையண்ணை வரும்? கதவிலை மூடுறம் எண்டு ஒட்டிக்கிடக்கு, நீங்கள் வரும் எண்டுறியள். எங்களைப் பேயன் எண்டு நினைச்சியளோ?” என்று சத்தம் போட்டார். இவர் மேசையைப் பார்த்தபடி, “வரும் தம்பி” என்றார் மறுபடியும். நான் பின்னறைக்குள் போய், வெறும் அரிசிச் சாக்குகளுக்கு மேலே இருந்து அழுதேன். ஒரே ஒருமுறை, இல்லை என்று சொல்லித் தொலையுங்கோவன் என்று கத்தவேண்டும் போல இருந்தது.

மூடினோம். பிறீசரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு மாரிகாலம் முழுக்க வானில் சாமான் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் ஹொல்ம்லியாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திராமனுக்கும் போய்ப் பார்த்தார். தெரிந்த வீடுகளில் கதவைத் திறந்து, தேத்தண்ணி கொடுத்து, “இப்ப எல்லாம் கிட்டவே வாங்கலாம் அண்ணை” என்றார்கள். வானும் போனது. பிறகு எட்டு மாதம் வீட்டு யன்னலுக்கு முன்னால் இருந்தார். காலையில் எழுந்து ஸ்திரி போட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருப்பார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். எனக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. வேலைக்குப் போகும்போது, “குளியலறைக் கதவைப் பூட்டாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போவேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மகளிடம், பள்ளி விட்டதும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வா என்பேன். அவளும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் புருசெத்தில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவேன். கீழே நின்று எங்கள் யன்னலைப் பார்ப்பேன். சேர்ட் தெரிந்தால்தான் படி ஏறுவேன்.

கடைசியில் இவருக்குப் பஸ் கழுவுகிற இடத்தில் வேலை கிடைத்தது. முதலாளி என்று கூப்பிட்டவர்கள் சிலர் ரயிலில் கண்டால் பத்திரிகைக்குள் முகத்தை வைத்தார்கள். இவர் அவர்களைத் தேடிப் போய்ச் சுகம் கேட்பார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் வேலைக் களைப்பில் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். மகள் நோர்வேஜிய மொழியில், சாப்பிடப் போறதில்லையா என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் வாயில் முதலில் வரும். “நை, நை!” என்றேன். அவள் எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“ஏனடி எடுக்கிறாய்? சாப்பிடப் போறன் எண்டெல்லோ சொன்னனான்!”

“நீங்கள் நை எண்டியள், மம்மா. நை எண்டா சாப்பிடேல்லை. சாப்பிடப் போறியள் எண்டா ‘யோ’ சொல்லோணும். இல்லையா எண்டு கேட்டா, ஓம் எண்ட ‘யா’வும் சொல்லேலாது, ‘நை’யும் சொல்லேலாது. ‘யோ’. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அழுகிற குழந்தையும், காதோடு பிடித்த தொலைபேசியும், அந்தப் பெண்ணின் மௌனமும் அப்படியே வந்து முன்னால் நின்றன. இருக்காது என்று எனக்கு நானே சொன்னேன். பெரிய ஆட்களுக்குத்தான் கொடுத்தார்கள் என்று இவரே கேட்டு வந்து சொன்னாரே. ஆனால் அன்றிலிருந்து நான் அந்த அலுவலகப் பெண்ணைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். என்ன, வாய் ஓய்ந்துவிட்டது என்று கோயிலில் கேட்டார்கள். இவரிடம் கேட்கப் பயமாக இருந்தது.

போன வசந்தத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எங்கள் பழைய சாமான்களை ஒதுக்கினேன். கடைச் சாமான் இருந்த பெட்டியில் தராசு, பிள்ளையார் படம், பிஸ்கற் ரின் ஒன்று. ரின்னுக்குள் அந்த மரக்கறிப் பெட்டி அட்டை இருந்தது. பிறீசர் இங்கே, அரிசி அங்கே, எனக்கு ஒரு கதிரை. அதற்குக் கீழே மகள் நிரப்பிய படிவம். அதற்கும் கீழே கடிதம். இப்போது எனக்கு அந்த மொழி வாசிக்க வரும். ‘உங்கள் மனைவி தொலைபேசியில் தெரிவித்தபடி, நீங்கள் தொடர்ந்து இருக்க விரும்பவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். அந்த இடம் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.’

அந்த நிலக்கீழ் அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தானாக எரிந்து அணைகிற விளக்கு அது. அணைந்தபோதும் நின்றேன். என் வாயால் கடை போனதை விட, இரண்டு வருடத்துக்கு மேலாக இதைச் சட்டைப் பைக்குள் மடித்ததுபோலத் தனக்குள் மடித்து வைத்துக்கொண்டு, நான் ஊரெல்லாம் திட்டியதைக் கேட்டுக்கொண்டு, யன்னலுக்கு முன்னால் இருந்த அந்த மனிதரை நினைத்துத்தான் நெஞ்சு வெடித்தது.

மேலே வந்தேன். மத்தியானம். இவர் பின்னேர வேலைக்குப் போக, வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். செத்த விரல்களுக்கு நாடா பிடிபடாது, அதற்கு அவருக்கு நேரம் எடுக்கும். கடிதம் என் கவுண் பைக்குள் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ. கடை என்னாலையோ போனது?” என்றேன்.

நாடாவில் இருந்த கை நின்றது. பாப்பம் என்பார், அல்லது விடுமப்பா என்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். பதினேழு வருடமாக எனக்குத் தெரிந்த பதில்கள் அவைதான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.